ஆங்கிலத் தேர்வுக்குக் காதையும் தயார் செய்யுங்கள்! - வீட்டுக் கம்ப்யூட்டரில் கேட்டுப் படிக்கும் பயிற்சி

பிள்ளையின் படிப்புக்காகத்தான் பல வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். வாங்கிய ஒரு மாதத்தில் அது படம் பார்க்கும் பெட்டியாகவோ கேம்ஸ் விளையாடும் பெட்டியாகவோ ஆகிவிடுகிறது. 'பாடம் படிக்க இதில் என்ன செய்ய வேண்டும்?' என்று யாரும் சொல்லித் தராததே இதற்குக் காரணம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்கு உங்கள் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்தலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. முதலில் சிலவற்றை டவுன்லோட் செய்துகொண்டால் போதும், பிறகு இன்டர்நெட் இல்லாமலும் பயிற்சி செய்யலாம்.

என் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி தாலுகாவில் உள்ள மாரியூர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். இதுபோன்ற ஊர்களில் ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கணக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டில் யாராவது கூட்டிக் கழித்துச் சொல்வார்கள். ஆங்கிலத்தை வீட்டிலும் தெருவிலும் காதால் கேட்கவே வழியில்லை. வகுப்பில் ஆசிரியர் வாசிப்பதோடு சரி. அப்பா, அம்மாவைக் கேட்டால், "எங்களுக்கே இங்கிலீஷ் தெரியாது தம்பி, நாங்கள் எப்படிச் சொல்லித் தருவது?" என்கிறார்கள். அந்தக் கேள்விக்கும் இந்தக் கட்டுரையில் ஒரு விடை இருக்கிறது.

தேர்வில் என்ன கேட்கிறார்கள்?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் முன்பு இரண்டு தாள்களாக இருந்தது. 2019-20 கல்வியாண்டு முதல் ஒரே தாளாக, 100 மதிப்பெண்ணுக்கு மாற்றினார்கள். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும். கொடுத்திருக்கும் பகுதியைப் படித்துப் புரிந்துகொண்டு விடை எழுதும் கேள்வி ஒன்றுக்கே 8 மதிப்பெண். அது போகச் சொற்பொருள், எதிர்ச்சொல், காலம், பிழை திருத்தம், வழி காட்டும் வரைபடக் கேள்வி எல்லாமே படித்தால் புரிய வேண்டியவைதான். மனப்பாடம் கொஞ்ச தூரம்தான் கை கொடுக்கும்.

இந்தப் பொதுத்தேர்வில் ஒலியைக் கேட்டு விடை எழுதும் பகுதி கிடையாது. ஆனால் பாடநூலில் ஒவ்வொரு யூனிட்டிலும் கேட்டல் பயிற்சி உண்டு. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் 2012-13 கல்வியாண்டில் 9, 10ஆம் வகுப்புகளுக்குப் பேசுதல், கேட்டல் தேர்வைக் கொண்டுவந்தார்கள். பள்ளி முடித்த பிறகு இதன் தேவை இன்னும் கூடுகிறது. வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டல் பகுதிக்கு 40 கேள்விகள். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் ஓட விடுவார்கள். கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஆங்கில வாக்கியங்களின் தொகுப்பு ஒன்றையே ஏற்றுக்கொண்டது. ரேடியோவில் வரும் குரலைத் தவறாகப் புரிந்துகொண்டால் கடலில் ஆபத்து என்பதே அதற்குக் காரணம்.

படிக்கும் தேர்வுக்கு ஏன் கேட்க வேண்டும்?

நாம் தமிழ் படிக்கும்போது எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. அந்தச் சொல்லை ஆயிரம் முறை காதால் கேட்டிருப்பதால், பார்த்த உடனே மனதில் ஒலித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒலிப்பதில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடுகிறது. அர்த்தம் தெரிந்த சொற்களே இருந்தாலும் பத்தி புரியாமல் போவது இதனால்தான்.

பல மாணவர்கள் ஆங்கில வரிக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்கிறார்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் 'பிக்' என்று எழுதினால் அது பன்றியா, பெரியது என்ற சொல்லா, எடு என்ற சொல்லா? ஆங்கிலத்தில் இவை மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கும். தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றுதான். இந்த வித்தியாசத்தைத் தாளில் எழுதிக் காட்ட முடியாது, காதால்தான் கேட்க முடியும்.

இன்னொன்று, சொற்கள் சேர்ந்து ஒலிப்பது. தமிழ் இலக்கணத்தில் புணர்ச்சி படித்திருப்பீர்கள். 'கடல்', 'அலை' இரண்டும் சேர்ந்தால் 'கடலலை'. ஆங்கிலம் பேசுகிறவர்களும் இப்படித்தான் சேர்த்துப் பேசுவார்கள், ஆனால் பிரித்தே எழுதுவார்கள். 'நாட் அட் ஆல்' என்று எழுதியிருப்பது காதில் 'நாட்டட்டால்' என்று விழும். 'அவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள்' என்று நாம் சொல்வதில் பாதி, வேகம் அல்ல, இந்தப் புணர்ச்சிதான். இது பழகிவிட்டால் ஆங்கிலம் பாதி புரிந்த மாதிரி.

முதலில் கம்ப்யூட்டரைத் தயார் செய்வோம்

ஸ்பீக்கரை விட ஹெட்போன் நல்லது. சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய ஒலிகள் ஹெட்போனில்தான் தெளிவாகக் கேட்கும். மைக் சேர்ந்த ஹெட்போனாக இருந்தால் பேசிப் பதிவு செய்யவும் உதவும்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்புறம் வண்ண ஓட்டைகள் இருக்கும். பச்சையில் ஹெட்போன் அல்லது ஸ்பீக்கரையும், இளஞ்சிவப்பில் மைக்கையும் செருகுங்கள். நீல நிற ஓட்டை வேறு சாதனத்திலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு. அதை விட்டுவிடலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே ஓட்டைதான் இருக்கும். செல்போனுக்கு வரும் மைக் வைத்த ஹெட்போன் அதற்குப் பொருந்தும்.

அடுத்து டெஸ்க்டாப்பில் 'இங்கிலீஷ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் 'பாடம்', 'ஒலி', 'டிக்டேஷன்', 'என் குரல்' என்று நான்கு ஃபோல்டர்கள். நாளை எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பத்து நிமிடம் வீணாக்காமல் இருக்க இது உதவும்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் பிடிஎஃப் வடிவில் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை டவுன்லோட் செய்து 'பாடம்' ஃபோல்டரில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: பாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள்

பிடிஎஃப் ஃபைலின் மீது மவுசின் வலது பட்டனைக் கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' மெனுவில் 'மைக்ரோசாஃப்ட் எட்ஜ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பாடம் திறந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், யு ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். கம்ப்யூட்டர் பாடத்தை வாசிக்கத் தொடங்கும். வாசிக்கும் சொல் திரையில் வண்ணமிட்டுக் காட்டப்படும். மேலே உள்ள 'வாய்ஸ் ஆப்ஷன்ஸ்' பகுதியில் வேகத்தைக் குறைக்கலாம், குரலையும் மாற்றலாம். இந்திய ஆங்கிலக் குரல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். ஆசிரியர் பேசுவதற்கு அது நெருக்கமாக இருக்கும். பழகிய பிறகு பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்களுக்குப் போகலாம்.

வாசிக்க மறுக்கிறதா? பாடத்தின் ஒரு வரியை மவுசால் இழுத்துத் தேர்வு செய்து பாருங்கள். தேர்வாகவில்லை என்றால் அந்தப் பக்கம் எழுத்து அல்ல, வெறும் படம். கம்ப்யூட்டர் படத்தை வாசிக்காது. வேறு பிடிஎஃப் தேடுங்கள், அல்லது வேண்டிய பத்தியை மட்டும் வேர்டில் டைப் செய்துகொள்ளுங்கள். வேர்டு 2019, அதற்குப் பின் வந்த பதிப்புகளில் 'ரிவ்யூ' டேப்பில் 'ரீட் அலவுட்' பட்டன் உண்டு.

எட்ஜில் வரும் இயல்பான குரல்களுக்கு இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்ய, விண்டோஸ் 'செட்டிங்ஸ்' சென்று 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'ஸ்பீச்', 'ஆட் வாய்சஸ்' என்ற வரிசையில் போய் 'இங்கிலீஷ் இந்தியா' என்பதை ஒரு முறை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். பிறகு 'பலபோல்கா' என்ற இலவச சாஃப்ட்வேரை நிறுவுங்கள். அதில் பத்தியை ஒட்டி, குரலைத் தேர்ந்தெடுத்து, 'ஃபைல்' மெனுவில் 'சேவ் ஆடியோ ஃபைல்' கொடுத்தால் பாடம் முழுவதும் எம்பி3 ஆகிவிடும். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு அரை எம்பி கூட ஆகாது. அரை மணி நேரப் பாடம் சுமார் 15 எம்பிக்குள் அடங்கும். பென் டிரைவில் போட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

எழுத்து எப்படிக் குரலாகிறது?

இந்த சாஃப்ட்வேர் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில் எண்களையும் சுருக்கங்களையும் முழுச் சொற்களாக விரிக்கிறது. '2018' என்பதை 'ட்வென்டி எயிட்டீன்' என்று மாற்றுவது இங்கேதான். இரண்டாவதாக, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய ஒலிகளை அகராதியில் பார்த்து எடுக்கிறது. அகராதியில் இல்லாத பெயர் வந்தால் எழுத்தை வைத்து ஊகிக்கிறது. மூன்றாவதாக, அந்த ஒலிகளைக் குரலாக உருவாக்குகிறது.

எங்கே தவறும் என்பது இதிலிருந்தே புரியும். நம் ஊர்ப் பெயர்களை வேடிக்கையாக வாசிக்கும். ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ஒலி உள்ள சொற்களில் சில நேரம் தடுமாறும். படிக்கிறேன் என்றால் 'ரீட்', படித்தேன் என்றால் 'ரெட்'. எழுத்து ஒன்றுதான். காற்று என்றால் 'விண்ட்', சாவி கொடுத்து முறுக்குவது என்றால் 'வைண்ட்'. இப்படிப்பட்ட சொற்களை ஒரு நோட்டில் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள்

சாதாரணமாக ஆங்கிலம் பேசுகிறவர் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் பேசுவார். புதிதாகக் கற்பவருக்கு இது அதிகம். 1959இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1500 எளிய சொற்கள், சின்ன வாக்கியங்கள், வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகம். இந்த மூன்றை வைத்தே உலகம் முழுவதும் பலர் ஆங்கிலம் கேட்கப் பழகினார்கள். அதே வேலையை இன்று உங்கள் வீட்டில் விஎல்சி மீடியா பிளேயர் செய்யும். இதுவும் இலவசம். விண்டோஸ் 7 உள்ள பழைய அரசு லேப்டாப்பிலும் விஎல்சி ஓடும்.

எம்பி3 ஃபைலை விஎல்சியில் திறங்கள். 'பிளேபேக்' மெனுவில் 'ஸ்பீட்' சென்று 'ஸ்லோயர் ஃபைன்' கொடுங்கள். கீபோர்டில் இடது சதுர அடைப்புக்குறி கீயை அழுத்தினாலும் வேகம் கொஞ்சம் குறையும். வலது சதுர அடைப்புக்குறி வேகத்தைக் கூட்டும். சமக்குறி பழைய வேகத்துக்குக் கொண்டுவரும். ஷிஃப்ட் கீயோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் மூன்று விநாடி பின்னால் போகும். ஒரு வரியைத் திரும்பக் கேட்க இதுதான் மிக வசதி. ஒரே வரி தொடர்ந்து சுற்றிச் சுற்றி ஓட வேண்டுமா? 'வியூ' மெனுவில் 'அட்வான்ஸ்ட் கண்ட்ரோல்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். கீழே 'ஏ-பி' என்று ஒரு பட்டன் வரும். வரியின் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை அழுத்துங்கள். அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்.

பழைய டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீரும்போது பாடகரின் குரல் கட்டையாக மாறியது நினைவிருக்கிறதா? வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கிவிடும். கம்ப்யூட்டரில் அப்படி ஆவதில்லை. அது ஒலியை விநாடியில் நூறில் சில பங்கு நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி நீட்டி அடுக்குகிறது. துண்டுக்குள் சுருதி மாறாததால் குரல் அப்படியே இருக்கும், நேரம் மட்டும் நீளும். ஆனால் பாதி வேகத்துக்கும் கீழே போனால் ஒலி இழுவையாகிக் குழப்பும். முக்கால் பங்கு வேகம் தொடக்கத்துக்குச் சரியாக இருக்கும்.

மூன்றாம் படி: டிக்டேஷன், திருத்துவது கம்ப்யூட்டர்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

முன்பு பள்ளியில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவோம். பிறகு அவர் திருத்துவார். வீட்டில் திருத்த ஆள் இல்லை என்பதுதான் இதுவரை இருந்த தடை. அந்த வேலையை வேர்டு செய்துவிடும். முறை இதுதான்.

1. பாடத்திலிருந்து 50 அல்லது 60 சொற்கள் உள்ள ஒரு பத்தியை வேர்டில் ஒட்டி, 'சரி' என்று பெயரிட்டு 'டிக்டேஷன்' ஃபோல்டரில் சேமியுங்கள். அதே பத்தியை எம்பி3 ஆகவும் மாற்றிக்கொள்ளுங்கள்.

2. வேர்டில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ப்ரூஃபிங்' சென்று, டைப் செய்யும்போதே எழுத்துப்பிழை காட்டும் வசதியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் 'ஆட்டோகரெக்ட்' வசதியையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பாதித் தேர்வை வேர்டே எழுதிவிடும்.

3. புதிய டாகுமெண்ட் திறந்து, விஎல்சியில் ஒலியை ஓடவிட்டுக் கேட்டதை டைப் செய்யுங்கள். ஒவ்வொரு வரியையும் மூன்று முறை கேட்கலாம். புரியாத சொல்லுக்கும் காதில் விழுந்த ஒலியை வைத்து எதையாவது எழுதுங்கள். 'முயற்சி' என்று பெயரிட்டுச் சேமியுங்கள்.

4. 'ரிவ்யூ' டேப்பில் 'கம்பேர்' கிளிக் செய்யுங்கள். ஒரு சிறிய விண்டோ திறக்கும். 'ஒரிஜினல் டாகுமெண்ட்' இடத்தில் 'சரி' ஃபைலையும், 'ரிவைஸ்ட் டாகுமெண்ட்' இடத்தில் 'முயற்சி' ஃபைலையும் தேர்வு செய்து ஓகே கொடுங்கள்.

இப்போது விட்டுப்போன சொல், கூடுதலாகச் சேர்ந்த சொல், தவறாக எழுதிய சொல் எல்லாமே வண்ணத்தில் தெரியும். வேர்டு இல்லாதவர்கள் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் 'எடிட்', 'ட்ராக் சேஞ்சஸ்', 'கம்பேர் டாகுமெண்ட்' என்ற வழியில் இதையே செய்யலாம்.

அந்த வண்ணக் குறிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உதாரணத்துக்கு, 'ஷி வாக்ட் டு த பீச் அண்ட் சாட் அண்டர் எ ட்ரீ' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். முதல் நாளில் பெரும்பாலும் 'ஷி வாக் டு பீச் அண்ட் சாட் அண்டர் ட்ரீ' என்றுதான் டைப் செய்வார்கள். கடற்கரை, மரம் என்ற பெரிய சொற்கள் சரியாக இருக்கும். இறந்த காலத்தைக் காட்டும் கடைசி 'ட்' ஒலி, 'த', 'எ' போன்ற சின்னச் சொற்கள் விட்டுப்போயிருக்கும். தேர்வில் பிழை திருத்தம், காலம், கோடிட்ட இடம் போன்ற கேள்விகளில் மதிப்பெண் போவது இவற்றில்தான். காது பிடிக்காததைக் கையும் எழுதுவதில்லை. பத்து நாள் டிக்டேஷன் செய்தால், எந்தச் சொல் எப்போதும் நழுவுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஆங்கிலம் தெரியாத பெற்றோர் எப்படி உதவுவது? ஒரு நோட்டில் நான்கு கோடு போட்டு தேதி, பாடம், மொத்தச் சொற்கள், வண்ணக் குறிகள் என்று எழுதுங்கள். பிள்ளை டிக்டேஷன் முடித்ததும் வண்ணக் குறிகளை எண்ணி நோட்டில் எழுதுவது பெற்றோரின் வேலை. அதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். போன வாரம் 60 சொல்லுக்கு 22 குறி, இந்த வாரம் 13 குறி என்றால் பிள்ளை முன்னேறியிருக்கிறது. கடலுக்குப் போய் வந்த அப்பாவும் உப்பளத்திலிருந்து திரும்பிய அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள் என்றால், பிள்ளை அந்த நேரத்தில் கேம்ஸ் பக்கம் போகாது. ஆங்கிலம் தெரிந்த ஆள் இல்லாத வீட்டிலும் ஆங்கிலப் படிப்பைக் கவனிக்க ஆள் இருக்கிறார் என்பது சின்ன விஷயம் அல்ல.

நான்காம் படி: உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள்

விண்டோஸ் 11இல் 'சவுண்ட் ரெக்கார்டர்', விண்டோஸ் 10இல் 'வாய்ஸ் ரெக்கார்டர்' என்று ஸ்டார்ட் மெனுவில் தேடுங்கள். டிக்டேஷன் செய்த அதே பத்தியை ஒரு வரி கேட்டு, உடனே அதே மாதிரி சொல்லி, பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். தன் குரலை முதலில் கேட்கும்போது எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் பழகிவிடும். எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், எந்தச் சொல்லை அழுத்துகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். வெள்ளைக்காரர் போலப் பேச வேண்டியதில்லை, சொல் முழுதாக வெளியே வந்தால் போதும்.

ஐந்தாம் படி: நேரம் வைத்துப் படியுங்கள்

காது பழகிய பிறகு கண்ணுக்கு வருவோம். வேர்டில் ஒரு பத்தியை ஒட்டினால் கீழே உள்ள பட்டையில் மொத்தச் சொற்கள் எத்தனை என்று காட்டும். விண்டோஸின் 'க்ளாக்' சாஃப்ட்வேரில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு மனதுக்குள் படியுங்கள். 300 சொற்களை 4 நிமிடத்தில் படித்தால் நிமிடத்துக்கு 75 சொற்கள். அடுத்த வாரம் அதே அளவுள்ள வேறு பத்தியை 3 நிமிடத்தில் படித்தால் 100 சொற்கள். வேகம் மட்டும் போதாது. படித்து முடித்ததும் பத்தியை மறைத்துவிட்டு, அதன் கருத்தைத் தமிழில் மூன்று வரி சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால்தான் அந்த வேகம் கணக்கு.

வேகம் ஏறவில்லை என்றால் ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் வாசிக்க, கண்ணும் கூடவே ஓடட்டும். ஒவ்வொரு சொல்லிலும் நின்றுவிடும் பழக்கத்தைக் குரல் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கோடிட்ட இடப் பயிற்சியையும் நீங்களே செய்யலாம். பத்தியில் ஒவ்வொரு ஏழாவது சொல்லையும் அழித்துவிட்டுக் கோடு போடுங்கள். மறுநாள் அதை நிரப்புங்கள். வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் 1953இல் அறிமுகப்படுத்திய 'க்ளோஸ்' முறை இது. ஒரு பத்தி வாசகருக்கு எவ்வளவு புரிகிறது என்று அளக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

தேர்வு நாளில் முதல் 10 நிமிடம் கேள்வித்தாளைப் படிக்க மட்டும் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் பத்தியின் கீழே உள்ள கேள்விகளை முதலில் படியுங்கள், பிறகு பத்திக்குப் போங்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு படித்தால் விடை சீக்கிரம் கண்ணில் படும்.

எதைக் கேட்கலாம்?

முதலில் உங்கள் பாடநூலையே கேளுங்கள். 2019இல் வந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடம், பறக்கப் பயப்படும் ஒரு கடற்பறவைக் குஞ்சின் கதை. எழுதியவர் லியாம் ஓ'ஃபிளாஹெர்ட்டி. கடற்கரைப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு பாடம், ஐஎன்எஸ்வி தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த ஆறு கடற்படைப் பெண் அதிகாரிகளைப் பற்றியது. 2017 செப்டம்பர் 10இல் கோவாவிலிருந்து கிளம்பி 2018 மே 21இல் திரும்பினார்கள். காற்று, அலை, பாய் என்று தமிழில் நன்றாகத் தெரிந்த விஷயம் ஆங்கிலத்தில் காதில் விழும்போது, தெரியாத சொல்லையும் ஊகிக்க முடியும். புரிந்த விஷயத்தில் தொடங்குவதுதான் எளிய வழி.

அடுத்து லிப்ரிவாக்ஸ். 2005இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்து இலவசமாகத் தருகிறார்கள். கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் இதில் உண்டு. பாடநூலில் வரும் 'டையிங் டிடெக்டிவ்' கதையின் மூலத்தையும் கேட்கலாம். பாடநூலில் இருப்பது சுருக்கி மாற்றிய வடிவம் என்பதால் வரிக்கு வரி ஒத்துப்போகாது. கதை தெரிந்திருப்பதால் பின்தொடர முடியும்.

நடப்பு விஷயங்களுக்கு ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியைக் கேளுங்கள். இந்திய உச்சரிப்பு, நிதானமான வேகம். அன்று காலை தமிழ்ச் செய்தியைக் கேட்டுவிட்டு ஆங்கிலச் செய்தியைக் கேட்டால் பாதி தானாகவே புரியும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் ஆறு நிமிட நிகழ்ச்சிகள் எழுத்து வடிவத்தோடு கிடைக்கின்றன. எழுத்து வடிவம் இருப்பதால் டிக்டேஷனுக்கு அப்படியே பயன்படும்.

தினமும் அரை மணி நேரம்

முதல் 5 நிமிடம் புத்தகத்தை மூடி வைத்துக் கேட்பது. அடுத்த 10 நிமிடம் டிக்டேஷன். 5 நிமிடம் கம்பேர் செய்து குறிகளை எண்ணுவது. 5 நிமிடம் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்வது. கடைசி 5 நிமிடம் நேரம் வைத்துப் படிப்பது. ஞாயிற்றுக்கிழமை புதிய பத்தி வேண்டாம். அந்த வாரம் செய்த ஆறு பத்திகளையும் சாதாரண வேகத்தில் ஒரு முறை கேட்டால் போதும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் கேட்பதை விடத் தினம் அரை மணி நேரம் பலன் தரும். காது மெதுவாகத்தான் பழகும்.

கவனிக்க வேண்டியவை

* ஹெட்போனில் சத்தத்தை நடு அளவுக்கு மேல் வைக்காதீர்கள். பக்கத்தில் பேசுகிறவர் குரல் கேட்க வேண்டும்.
* டிக்டேஷனை முடிக்கும் முன் 'சரி' ஃபைலைத் திறக்காதீர்கள். ஏஐ சாஃப்ட்வேரிடம் விடையை வாங்கி ஒட்டினாலும் குறிகள் குறையும், காது பழகாது.
* தமிழில் மொழிபெயர்த்துத் தரும் வசதியைக் கடைசியில் பயன்படுத்துங்கள். முதலில் நீங்களே ஊகியுங்கள், பிறகு சரிபாருங்கள்.
* டைப் செய்யத் தெரியாத பிள்ளை முதல் சில வாரம் நோட்டில் எழுதி, பிறகு நிதானமாக டைப் செய்து கம்பேர் செய்யலாம். தேர்வில் எழுதப்போவது கையால்தான் என்பதால் இதுவும் நல்ல பயிற்சியே.
* கம்ப்யூட்டர் குரலுக்குப் பாடம் புரியாது, எழுத்தை ஒலியாக்க மட்டும் தெரியும். அர்த்தம் கேட்க வேண்டிய இடம் ஆசிரியர்தான்.

இதற்காகப் புதிய கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரும் ஒரு ஹெட்போனும் ஒரு நோட்டும் போதும். பாடநூலின் முதல் பாடத்தில் 50 சொற்கள் உள்ள ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து இன்று மாலையே முதல் டிக்டேஷன் செய்யுங்கள். வண்ணக் குறிகள் எத்தனை வந்தாலும் கவலைப்படாமல் நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே பத்தியை மறுபடி செய்து பாருங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.